கருவியும் கருத்தாவும்

எமது ஆலய மண்டபத்தில் அன்னதானப் பந்தி முடிந்து, கைகழுவி வந்து அமர்ந்தபின் நடைபெறும் உரையாடல்களில் இப்போதெல்லாம் வைத்தியசாலைக் கதைகளே அதிகம். முன்னர் விசாவும் வீட்டு வாடகையும் பேசிய அதே வாய்கள் இன்று ஸ்கானும் ஒப்பரேஷனும் பேசுகின்றன. எமக்கும் வயது போகிறது. எம்மைப் பெற்றவர்களுக்கு இன்னும் அதிகமாகப் போகிறது. அண்மைக் காலத்தில் இக்கதைகளில் ஒரு புதிய சொல்லும் சேர்ந்துகொண்டது. "றோபோவாலதான் செய்தவை" என்பார்கள். சொல்லும்போது குரலில் ஒரு சிறு பெருமையும் இருக்கும்.

அப்பெருமையுடன் இம்மண்டபத்தில் பேசியவர்களில் நாமும் ஒருவர். ஆனால் அந்தப் பெருமைக்குப் பின்னால் எமது தவறு ஒன்றும் இருந்தது. அத்தவறையும், அதிலிருந்து எழுந்த ஒரு கேள்வியையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எமது தாயாருக்கு வயது எழுபத்தொன்று. மாலையானால் அவரது இடது கண் இமை தானாகவே கீழே இறங்கத் தொடங்கியது. ஒன்று இரண்டாகத் தெரிகிறது என்றார். சோறு மென்று முடிக்குமுன் தாடை களைத்துவிடுகிறது என்றார். வயதுக் கோளாறு என்று நாம் சில மாதங்களைக் கடத்தினோம். பின்னர் இரத்தப் பரிசோதனையில் அது மயஸ்தீனியா கிராவிஸ் என்னும் தசைச்சோர்வு நோய் எனத் தெரிய வந்தது. நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தடுத்துவிடும் நோய் இது. இந்நோய் உள்ளவர்களில் ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு நெஞ்செலும்பின் பின்னே, இதயத்தின் முன்னே இருக்கும் தைமஸ் சுரப்பியில் கட்டி காணப்படும். ஆகவே நெஞ்சை ஸ்கான் செய்தார்கள். அங்கே நான்கு சென்ரிமீற்றர் அளவில் ஒரு கட்டி இருந்தது. அதைத் தைமோமா என்பர். பொதுவாக மெதுவாக வளர்வது; ஆயினும் புற்றுநோய் வகையிலேயே சேர்க்கப்படுவது.

இவ்வகைக் கட்டியை அகற்றுவதற்குப் பழைய வழி நெஞ்செலும்பை நீளவாக்கில் வாளால் பிளந்து திறப்பதாகும். முடிவில் உருக்குக் கம்பியால் எலும்பைக் கட்டுவார்கள். எலும்பு பொருந்த ஆறு முதல் எட்டு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். 1990களில் விலா எலும்புகளுக்கிடையே சிறு துளைகளிட்டு, கமரா மூலம் பார்த்துச் செய்யும் முறை பரவியது. அதன் அடுத்த படியே றோபோ. இன்று அதிகம் பயன்படும் டாவின்சி இயந்திரத்துக்கு அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் பொதுவான வயிற்றுச் சத்திரசிகிச்சைகளுக்கும், 2001இல் நெஞ்சறைச் சத்திரசிகிச்சைகளுக்கும் அனுமதி கிடைத்தது.

பெயரைக் கேட்டு மனித உருவம் ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டாம். நோயாளியின் மேலே நான்கு நீண்ட கைகள் நிற்கும். ஒன்றில் கமரா, மற்றவற்றில் கத்தரி, இடுக்கி போன்ற கருவிகள். ஒவ்வொன்றும் விரலளவுகூட இல்லாத துளையினூடாக உள்ளே செல்லும். மயக்க மருந்து நிபுணர் ஒரு பக்கச் சுவாசப்பையைக் காற்றின்றி ஓய்வாக வைத்து உள்ளே இடம் உண்டாக்குவார். சத்திரசிகிச்சை நிபுணர் சற்றுத் தள்ளி ஒரு மேசையில் அமர்ந்து, பெரிதாக்கப்பட்ட முப்பரிமாணப் படத்தைப் பார்த்தபடி தமது விரல்களை அசைப்பார். அவ்வசைவு உள்ளே சிறிதாக்கப்பட்டு நடக்கும். கை நடுக்கத்தை இயந்திரம் வடிகட்டிவிடும். கட்டியை உடைக்காமல், உறையோடு ஒரு சிறு பையினுள் இட்டு, ஒரு துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள். இயந்திரம் தானாக எதையும் வெட்டுவதில்லை.

இவ்வளவையும் நிபுணர் பொறுமையாக விளக்கினார். மொழிபெயர்த்தவர் நாம். எமக்கு ஆங்கிலம் வரும், பல்கலைக்கழகம் சென்றவர், கணக்காளராக இந்நாட்டில் தொழில் செய்பவர். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என வைத்தியசாலை கேட்டபோது, "தேவையில்லை, மகன் இருக்கிறேன்" என்று நாமே பெருமையாகப் பதிலளித்தோம். நிபுணர் இருபது நிமிடம் சொன்னதை நாம் தாயாருக்கு இப்படிச் சொன்னோம்: "சின்னக் கட்டி அம்மா. மெஷினால எடுத்துவிடுவினம். நாலு நாளில வீட்டை வரலாம்." தாயார் தலையை ஆட்டினார். புற்றுநோய் என்ற சொல்லை நாம் விட்டுவிட்டோம். இரத்தப் போக்கு, சுவாசத்தை இயக்கும் நரம்பு, நெஞ்சைத் திறக்கவேண்டி வரலாம் என்பவற்றையும் விட்டுவிட்டோம். அன்பினால் விட்டோம் என்றே அன்று நினைத்தோம்.

அன்றிரவு தாயார் அடுப்படியில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார். திரும்பிப் பாராமலே கேட்டார்.

"தம்பி, அந்த மெஷினை ஆர் பிடிக்கிறது?"

"டொக்டர்தான் அம்மா."

"அவர் எங்க நிப்பார்?"

"அங்கதான்."

"அங்க எண்டா எங்க? பிழைச்சுப்போனா ஆரைக் கேக்கிறது?"

எம்மிடம் பதில் இருக்கவில்லை. நாம் அதைக் கேட்டு வரவில்லை.

எழுத்தறிவு குறைந்த ஒரு கிராமத்துத் தாயின் அச்சம் என்று இதைத் தள்ளிவிடலாம். ஆனால் சிந்திக்கச் சிந்திக்க, இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை என்றே தோன்றுகிறது. செயல் ஒன்று நடக்கிறது. அதைச் செய்தவர் யார்? எமது சைவ சித்தாந்த வகுப்புகளில் பிள்ளைகளுக்குக் குடத்தை உதாரணமாகக் காட்டுவது வழக்கம். மண் முதற்காரணம், தண்டும் சக்கரமும் துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் குடத்தை வனைந்தது சக்கரம் என்று எவரும் சொல்வதில்லை. அவ்வாறே றோபோ துணைக்காரணம், வைத்தியரே கருத்தா என்று சொல்லி முடித்துவிடலாம் போலத் தெரிகிறது.

ஆனால் விடயம் அவ்வளவு இலகுவானதல்ல. குயவனின் கை சக்கரத்தின்மேல் இருக்கிறது. வைத்தியரின் கைக்கும் நோயாளியின் உடலுக்கும் நடுவே இப்போது ஒரு கணனி நிற்கிறது. அது கையின் அசைவைத் திருத்தியும் அனுப்புகிறது. தூரமும் கூடலாம். 2001 செப்டெம்பர் 7ஆம் திகதி ஜாக் மரெஸ்கோ என்னும் பிரெஞ்சு நிபுணர் நியூயோர்க்கில் இருந்தபடி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் படுத்திருந்த ஒரு பெண்மணியின் பித்தப்பையை அகற்றினார். நடுவே அத்திலாந்திக் சமுத்திரம். அன்றும் நோயாளியின் பக்கத்தில் வைத்தியர்கள் ஆயத்தமாக நின்றார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. 2022இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பன்றியின் குடலைப் பெரும்பாலும் இயந்திரமே தானாகத் தைத்த பரிசோதனையை வெளியிட்டார்கள். சக்கரம் குயவனின்றியும் கொஞ்சம் சுழலத் தொடங்கிவிட்டது. எனவே தாயாரின் கேள்வி எமது பிள்ளைகளின் காலத்தில் இன்னும் கடினமாகும்.

கணக்காளர் என்ற வகையில் எமக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. பேரேடு போய்க் கணனி வந்தபின், கூட்டல் பிழை என்பது எமது தொழிலில் அருகிவிட்டது. ஆயினும் ஆண்டுக் கணக்கின் கடைசிப் பக்கத்தில் கையொப்பம் இடுவது கணனி அல்ல. அந்தக் கையொப்பத்தின் பொருள், "கேள்வி வந்தால் பதில் சொல்ல நான் இருக்கிறேன்" என்பதே. அப்படியொரு மனிதர் இல்லாமற் போனால் என்ன நடக்கும் என்பதைப் பிரித்தானியத் தபால் நிலையங்களின் ஹொறைசன் கணனி விவகாரம் காட்டியது. 1999 முதல் 2015 வரையில் பிழையான கணக்குக் காட்டிய அக்கணனியை நம்பி, 900க்கு மேற்பட்ட உபதபால் அதிபர்கள் திருட்டு, மோசடி என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். தெற்காசியக் குடும்பங்கள் பலவும் அதில் சிக்கின. அவர்கள் குற்றத்தீர்ப்புகளை ஒருசேர நீக்க 2024இல் நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றவேண்டி வந்தது. இயந்திரம் பிழைவிட்டது ஒரு கேடு. பிழை என்று சொன்ன மனிதரை நம்பாமல் இயந்திரத்தை நம்பியது அதிலும் பெரிய கேடு.

வைத்தியத்திலும் இதற்கு ஒப்பான பாடம் உண்டு. 2015இல் நியூகாசில் நகர வைத்தியசாலை ஒன்றில் ஒருவருக்கு இதய வால்வைத் திருத்த றோபோ முறையில் சத்திரசிகிச்சை நடந்தது. பிரித்தானியாவில் அவ்வகையில் அதுவே முதலாவது. சில நாட்களில் அவர் இறந்தார். 2018இல் நடந்த மரண விசாரணையில் வெளிவந்தவை மூன்று. செய்தவருக்கு அந்த இயந்திரத்தில் போதிய பயிற்சி இருக்கவில்லை. வழிகாட்ட வந்த நிபுணர்கள் இடையிலேயே வெளியேறிவிட்டார்கள். முதலாவது ஆள் என்பதால் ஆபத்து அதிகம் என்பது நோயாளிக்குச் சொல்லப்படவில்லை. றோபோ பயன்படுத்தப்பட்டதும் இறப்புக்கு ஒரு பகுதிக் காரணம் என்று விசாரணை அதிகாரி முடிவு செய்தார். இம்மூன்றில் இரும்பின் குற்றம் எதுவும் இல்லை. மூன்றும் மனிதர் சம்பந்தப்பட்டவை. மூன்றும் கேட்டிருந்தால் முன்னரே தெரிந்திருக்கக் கூடியவை.

சிறு துளை என்றால் எப்போதும் நன்மை என்றும் எண்ணலாகாது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க்குச் சிறு துளை வழியாகச் சத்திரசிகிச்சை பெற்றவர்களில், வயிற்றைத் திறந்து செய்துகொண்டவர்களைவிட நோய் திரும்புவதும் இறப்பும் அதிகம் என்று 2018இல் ஒரு பெரிய ஆய்வு காட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், புற்றுநோய்க்கு றோபோவைப் பயன்படுத்துவது பற்றி நோயாளரையும் வைத்தியரையும் எச்சரித்தது. நெஞ்சின் கதை வேறு. அங்கே சிறிய கட்டிகளுக்கு இம்முறையால் வலியும் வைத்தியசாலையில் தங்கும் நாட்களும் குறைவதை நாமே கண்டோம். நாம் சொல்லவருவது இதுதான்: வெளியே தெரியும் தழும்பு சிறிது என்பதால் உள்ளே நடப்பதும் சிறிது என்று எண்ணிவிடக் கூடாது. "சின்னக் கட்டி, மெஷினால எடுப்பினம்" என்ற எமது மொழிபெயர்ப்பின் பொய் அங்கேதான் இருந்தது.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. பழைய சம்பவம் ஒன்று நினைவில் எழுந்தது. 2007இல் இந்நாட்டுக்கு அகதியாக வந்து, எமது கதையைச் சொல்ல ஓர் அதிகாரியின் முன் அமர்ந்தோம். எமக்கும் அவருக்கும் நடுவே ஒரு மொழிபெயர்ப்பாளர். படித்த ஆங்கிலம் அன்றைய பயத்தில் நாவுக்கு வரவில்லை. நாம் பத்து நிமிடம் சொன்னதை அவர் இரண்டு வசனங்களில் முடித்தார். குறைகிறது என்று விளங்கிக்கொள்ளப் போதிய ஆங்கிலம் இருந்தது. மறித்துத் திருத்தப் போதிய துணிவு இருக்கவில்லை. எமது வாக்குமூலத்தில் விபரம் போதாது என்று கூறி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் வெல்லும்வரை இரண்டு ஆண்டுகள் நாம் பட்டதை இங்கே விபரிக்கத் தேவையில்லை. வாசகர்களில் பலர் அதே பாதையால் வந்தவர்கள். அந்த மொழிபெயர்ப்பாளரை நாம் பல ஆண்டுகள் மனதுக்குள் திட்டினோம். இப்போது அவருடைய கதிரையில் இருந்தவர் நாமே. எதிரே இருந்தவர் எம்மைப் பெற்றவர்.

இவ்விடத்தில் சிலர் நியாயமான ஒரு தடையை எழுப்புவர். வயதானவர்களுக்கு எல்லாவற்றையும் சொல்லிப் பயமுறுத்துவது தருமமா? அறியாமையில் நிம்மதி இல்லையா? எமது ஊரில் பெரியவர்களுக்கு நோயின் பெயரைச் சொல்லாமல் பிள்ளைகளே சுமப்பது பாசத்தின் அடையாளமாகவன்றோ இருந்தது? இதை நாம் இலேசாகத் தட்டிக்கழிக்கவில்லை. அறியாமல் இருக்க விரும்புவதும் ஒருவரின் உரிமைதான். ஆனால் அந்த விருப்பம் அவருடையதாக இருக்கவேண்டும். "எவ்வளவு அறிய விரும்புகிறீர்கள்?" என்று அவரிடம் கேட்டிருந்தால் அது மரியாதை. கேளாமலே நாம் முடிவெடுத்தால், அவருடைய உடலுக்கு நாம் உரிமையாளர் ஆகிவிடுகிறோம். பிரித்தானிய உச்ச நீதிமன்றமும் 2015இல் மொன்ற்கொமெறி வழக்கில் இத்திசையிலேயே தீர்ப்பளித்தது. அந்நோயாளியின் நிலையில் உள்ள ஒருவர் முக்கியமாகக் கருதக்கூடிய ஆபத்துகளை வைத்தியர் சொல்லியே ஆகவேண்டும் என்றது. சட்டம் வைத்தியரைச் சொல்லவைத்தது. சொன்னதைப் பாதி வழியில் மறித்தவர் அவர் பெற்ற பிள்ளை என்றால் சட்டம் என்ன செய்யும்?

பொறுப்பு என்பது ஒரு சங்கிலி. பதில் சொல்ல ஒருவர் இருந்தால் மட்டும் போதாது. கேட்க ஒருவரும் இருக்கவேண்டும். கேள்வியே போய்ச்சேராத இடத்தில், எவ்வளவு நேர்மையான வைத்தியரும் பொறுப்பை முழுதாக ஏற்க முடியாது. தாயாருக்கும் அவருடைய வைத்தியருக்கும் நடுவே நின்ற இயந்திரம் றோபோ அல்ல, நாமே. அதுவாவது கையின் நடுக்கத்தை மட்டுமே வடிகட்டியது. நாம் உண்மையை வடிகட்டினோம்.

மறுநாள் வைத்தியசாலைக்குத் தொலைபேசி எடுத்து, இன்னொரு சந்திப்பும், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் வேண்டும் எனக் கேட்டோம். கட்டணம் எதுவும் இல்லாமல் ஒழுங்கு செய்தார்கள். இம்முறை நாம் சுவரோரமாக அமர்ந்தோம். தாயார் தமது கேள்விகளைத் தாமே கேட்டார். முதல் கேள்வியே, "இது புற்றுநோயோ?" என்பதுதான். நாம் நிலத்தைப் பார்த்தோம். நிபுணர் மறைக்காமல் விளக்கினார். நீங்கள் எங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். அதே அறையில், மூன்று மீற்றர் தூரத்தில் என்றார். என் பக்கத்தில் யார் நிற்பார்? கையுறை அணிந்து ஆயத்தமாக இன்னொரு சத்திரசிகிச்சை வைத்தியர். இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? எண்ணிக்கை சொன்னார். எத்தனை பேருக்கு நெஞ்சைத் திறக்கவேண்டி வந்தது? அதையும் சொன்னார். தமது இயந்திரத்தில் விரலால் தொட்டு உணர முடியாது, இழைகள் இழுபடுவதைக் கண்ணால் பார்த்தே அளவிட வேண்டும் என்பதையும் அவராகவே சொன்னார். அவ்வுணர்வைக் கொஞ்சம் தரும் புதிய வகைகள் 2024 முதல் வந்துள்ளனவாம். நோயின் காரணமாகச் சத்திரசிகிச்சைக்குப் பின் மூச்சு விடுவது சிரமமாகலாம், அதற்காகத் தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் ஒதுக்கியிருக்கிறோம் என்றார்.

தாயார் யோசித்துச் சொன்னார்: "சரி, மெஷினாலயே செய்யட்டும். திறக்கவேணும் எண்டால் திறக்கட்டும். என்னை எழுப்பிக் கேக்கத் தேவையில்லை." மொழிபெயர்ப்பாளர் அதையும் அப்படியே சொன்னார். நிபுணர் சிரித்துவிட்டார். ஒப்புதல் படிவத்தில் தாயார் தமிழில் கையொப்பமிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் வெகு நேரம் பேசவில்லை. பின்னர், "உனக்குப் பயம் எண்டு எனக்குத் தெரியும். அதுக்காக எனக்குப் பாதியே சொல்லுறது?" என்றார். அதற்குமேல் அவர் அதைப்பற்றிப் பேசவில்லை. நாமும் மன்னிப்புக் கேட்கச் சொல் தேடித் தேடி, இறங்கும் இடம் வந்துவிட்டது.

சத்திரசிகிச்சை மூன்று மணித்தியாலம் நடந்தது. நெஞ்சைத் திறக்க நேரவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கு வந்தார். கட்டி உறையோடு முழுமையாக வந்தது, ஆரம்பக் கட்டம் என்று ஆய்வுகூட அறிக்கை கூறியது. ஆயினும் இனி ஆண்டுதோறும் ஸ்கான் உண்டு. மாத்திரைகள் குறைந்தனவேயன்றி நிற்கவில்லை. களைத்த மாலைகளில் அந்த இடது இமை இன்னும் சற்று இறங்குகிறது. இவை அனைத்தும் அவருக்குத் தெரியும். சந்திப்புக் கடிதம் வந்தால் முதலில் கேட்பது, "தமிழ் ஆள் வருவினமோ?" என்பதுதான்.

அன்பான வாசகர்களே! எமது தலைமுறையில் பலர் பெற்றோருக்கு மொழிபெயர்க்கிறோம். எமது பிள்ளைகள் எமது முறை வரும்போது எமக்கும் மொழிபெயர்ப்பார்கள். பதினாறு வயதுப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்று, தாயின் நோயை அவள் வாயாலேயே சொல்லவைக்கும் குடும்பங்களும் எம்மிடையே உண்டு. அச்சுமையை அவர்கள்மேல் ஏற்றாதிருப்போம். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது வெட்கமல்ல. யார் செய்வார், எத்தனை தடவை செய்திருக்கிறார், பிழைத்தால் என்ன செய்வார், வேறு வழி உண்டா என்று கேட்பது வைத்தியரை அவமதிப்பதும் அல்ல. ஞாயிறு பூசைக்குப் பின் ஒரு மணி நேரம், வைத்தியசாலைக் கடிதங்களை வாசித்து விளக்கவும், சந்திப்புக்குக் கொண்டுசெல்லும் கேள்விகளை எழுதிக்கொடுக்கவும் மண்டபத்தில் ஒரு மேசையை ஒதுக்கித் தருமாறு நிர்வாக சபையினரை வேண்டுகிறோம். முதல் ஞாயிறு அம்மேசையில் நாம் அமர ஆயத்தமாக உள்ளோம். பக்கத்தில் இருந்து தாமும் பார்ப்பதாகத் தாயார் சொல்லியிருக்கிறார்.